ஹீட்டரை அணைக்கச் சொன்னவர்

நுவரெலியாவில் ஒருவர் பழைய ஜீப் வாங்குவதென்றால் முதலில் நல்ல நாள் பார்ப்பார், பிறகு சொந்தபந்தங்களுக்குச் சொல்வார், எல்லாம் முடிந்த பிறகுதான் நானுஓயாவிலிருந்து மெக்கானிக் றோலண்டைக் கூப்பிடுவார். முடிவான காரியத்துக்கு வருகிறவனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன வேலை? அந்த ஒரு வேலைதான் றோலண்டுக்கு வராது. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் ஜீப்களுக்கு அடியிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கேட்டவர்கள் சரி சரி என்பார்கள், அந்த வண்டியையே வாங்குவார்கள். பிறகு அது எங்காவது படுத்துவிட்டால், றோலண்டின் கருநாக்குதான் காரணம் என்பார்கள்.

"இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று சொல்லித்தான் மனைவி பவுலின் அன்று அனுப்பினாள். அவருக்கும் அதே எண்ணம்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அன்று கூப்பிட்டவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் அன்ஸார். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்பார்கள். ஜீப் அவருக்காக இல்லை, மனைவி செரீபாவுக்காக. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து செரீபா வாரம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். கடை வேனில் றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு குழிக்கும் அழுவாள். திரும்பி வந்தால் இரண்டு நாள் படுக்கைதான். பெரிய ஜீப் என்றால் தொட்டிலில் கிடக்கிற மாதிரி போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவளையும் கூட்டி வந்திருந்தார்.

விற்கிறவன் ஸஃப்வான். வெள்ளை ஜீப் அவனுடைய யார்டில் மினுங்கிக்கொண்டு நின்றது. றோலண்ட் பொனட்டில் கையை வைத்தார். சூடாக இருந்தது.

"காலையில குளிர்தானே, ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்றான் ஸஃப்வான்.

இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை இனிப் பார்க்க முடியாது. றோலண்ட் காலடிக் கம்பளத்தைத் தூக்கி, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று சேறு தேடினார். இல்லை. அடியில் படுத்து சேசியைத் தட்டினார். துரு இல்லை. நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நின்றன. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியர் முனகாமல் விழுந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த ஒரு வண்டியாவது நல்லதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"றம்பொடைக்கு இறங்கி ஏறிப் பாப்போம்" என்றார்.

ஸஃப்வான் ஓட்டினான். செரீபாவுக்குக் குளிரக் கூடாதென்று ஹீட்டரைப் போட்டிருந்தான். வளைவுகள் வந்தன, குழிகள் வந்தன, பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. றோலண்ட் திரும்பிப் பார்த்தார். செரீபா தூங்கிக்கொண்டிருந்தாள். அன்ஸார் அசையாமல் உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

றம்பொடையில் வண்டியைத் திருப்பினார்கள். ஏற்றத்தில் பாதி வந்ததும் றோலண்டுக்கு ஏதோ உறுத்தியது. ஹீட்டர் எஞ்சினின் சூட்டைத்தான் உள்ளே இழுக்கிறது. அது ஓடும்வரை எஞ்சின் சூடு ஏறினாலும் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் காட்டிக்கொடுக்காது. குளிர் ஊரில் ஹீட்டரோடு ஓட்டிப் பார்த்து எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். கேட்காமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

"தம்பி, ஹீட்டரக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"ராத்தாவுக்குக் குளிருமே!" என்றான் ஸஃப்வான், செரீபாவை அக்கா முறை சொல்லி.

"நிப்பாட்டுங்க."

அன்ஸார் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மனைவிமேல் போர்த்தினார். மூன்று வளைவு தாண்டுவதற்குள் முள் மேலே ஏறியது. நான்காவதில் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி எஞ்சினை ஆறவிட்டார்கள். பிறகு மறுபடி ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் ஊர் வந்து சேர முடிந்தது. ஸஃப்வான் வழியெல்லாம் ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

யார்டில் ஆண்கள் மூவரும் இறங்கி நின்றார்கள். செரீபா இன்னும் எழும்பவில்லை. பக்கத்தில் அவர்கள் வந்த கடை வேன் நின்றது.

"சொல்லுங்க றோலண்ட்" என்றார் அன்ஸார்.

"எஞ்சின் உள்ளுக்குள்ள போயிருக்கு நானா. ரிப்பேருக்கு ஒருக்கா திறந்தா பிறகு நம்ப ஏலாது. ராத்தாவ வச்சிக்கிட்டு நடுவழியில நிப்பீங்க. வேணாம்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் வாங்குகிறவர் சமாதானம் சொல்லத் தொடங்குவார். அன்ஸாரோ கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி. நீங்க சொன்னா சரிதான். வேணாம்" என்றார் கடைசியில்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் றோலண்டுக்கு அப்படிச் சொன்னதில்லை.

"ஆனா என்னால அவள எழுப்ப ஏலாது. நீங்களே எழுப்புங்க" என்றார் அன்ஸார்.

றோலண்ட் கதவைத் திறந்தார். உள்ளே இன்னும் கதகதப்பு இருந்தது. ராத்தா என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். செரீபா கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்டி வந்துட்டமா?"

"இல்ல ராத்தா" என்றார் றோலண்ட். "எறங்கணும்."