ஆறு நாற்பத்தொன்று

அந்தத் தபாலட்டையின் கடைசி வரி பாதியில் நிற்கிறது. "6.51 – கப்டனின் இடது" என்று எழுதியவர் அதற்கு மேல் எழுதவில்லை. கப்டனின் இடது கையா, இடது காலா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு மேலே நான்கு வரிகள் முழுதாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கு முன்னும் நேரம் குறித்திருக்கிறது. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் எதை எழுதினாலும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் போட்டுவிட்டுத்தான் எழுதுவார். தலைமயிர் வெட்டப் போனால்கூட நேரம் குறித்துவைப்பார் என்று நான் அவரைப் பகிடி பண்ணுவது வழக்கம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சிக்குத் தெற்கே காட்டுக்குள் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் எங்கேயோ உயிரோடு இருப்பார்கள். நான் அங்கே ரிக்கற் விற்கும் கிளாக். இருவரும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காரர், அவர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இருவரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு குவாட்டர்ஸில் சமைத்துத் தின்று கிடந்தோம். பின்னேரமானால் நுளம்புக் கடியும் சலிப்பும்தான். அந்தச் சலிப்பிலிருந்து எங்களைக் காப்பாற்றியது பற்றறியில் ஓடும் அவருடைய றேடியோப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறரை மணிக்கு அதில் ஒரு தொடர் நாடகம் போனது. மூன்று பேர் ஒரு கப்பலில் ஏறிச் சந்திரனுக்குப் போகும் கதை. ஒரு கப்டன், ஒரு டொக்டர், ஒரு இன்ஜினியர். சந்திரனுக்கு உண்மையில் எவரும் போகாத காலம் அது. ஆனபடியால் எதைச் சொன்னாலும் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

மாஸ்டர் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. அவர் பிழை பிடிப்பதற்கென்றே கேட்டார். இரண்டாம் பகுதியில் கப்பலில் இருந்த ஒரேயொரு விளக்கும் உடைந்துபோயிற்று. நாலாம் பகுதியில் கப்டன், "விளக்கை ஏற்று" என்கிறார். எந்த விளக்கை? சந்திரனில் காற்றே இல்லை என்று டொக்டர் ஐந்து நிமிடம் விளக்கம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்கிறார், வெளியே காற்று ஊளையிடுகிறது. ஏழாம் பகுதியில் டொக்டர் செத்துப்போனார். எட்டாம் பகுதியில் பின்னால் யாரோ இருமுகிறார்கள், அது டொக்டரின் இருமல். "செத்தவன் இருமுறான் ஐசே!" என்று மாஸ்டர் மேசையில் அடித்துச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. நாடகம் ஓடும்போதே தபாலட்டையில் குறிப்பார். அடுத்த நாள் காலை ரெயிலில் அது கொழும்பு வானொலி நிலையத்துக்குப் போகும். ஒரேயொரு முறை, அவதானத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதை அவர் மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

இந்த நாடகத்துக்கு மூன்றாவது இரசிகர் ஒருவரும் இருந்தார். ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு மைல் தள்ளி, குடியேற்றக் கொலனிக்குப் போகும் வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கேற். அதன் காவலாளி மனைவி பிள்ளைகளோடு பக்கத்துக் குடிலில் இருந்தார். முள்ளியவளைப் பக்கத்து மனிதர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவரிடம் றேடியோ இல்லை. ஆனால் ஸ்டேஷனிலிருந்து அவருடைய குடிலுக்கு ரெலிபோன் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதில் அவர் கேட்கும் முதல் கேள்வி ரெயிலைப் பற்றியதாக இருக்காது. "ஐயா, அவைக்கு மூச்சுக்காத்துக் காணுமோ?" என்பார். மாஸ்டர் கதை முழுவதையும், பிழைகளையும் சேர்த்துச் சொல்லுவார். இவர் அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கும் கேட்கும்.

வழக்கமான ரெயில்களின் நேரம் காவலாளிக்கு மனப்பாடம். கேற்றைத் தானே பூட்டிவிடுவார். வழக்கமில்லாத ரெயில் வந்தால் மாஸ்டர் ரெலிபோன் அடிக்க வேண்டும், அடித்த நேரத்தைப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆனையிறவு உப்பை ஏற்றிக்கொண்டு இடைக்கிடை ஒரு சரக்கு ரெயில் அப்படி வரும்.

அந்த ஞாயிறும் உப்பு ரெயில் வந்தது. ஆறு நாற்பதுக்கு வடக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தது. மாஸ்டர் எழும்பிப் போய் ரெயிலுக்குப் பாதை கொடுத்தார். திரும்பி வந்து ரெலிபோனுக்குக் கையை நீட்டினார். நீட்டியதை என் கண்ணால் கண்டேன். அந்த நேரம் பார்த்து றேடியோவில் இன்ஜினியர், காற்றுக் குப்பி இன்னும் ஐந்து இருக்கிறது என்றார். போன கிழமை நான்கு! மாஸ்டர் துள்ளிக்கொண்டு வந்து பேனாவை எடுத்தார். "6.41 – காற்றுக் குப்பி ஐந்து என்கிறார்கள். சென்ற பகுதியில் நான்கு." நானும் சிரித்தேன். கேற்றுக்கு அடிக்கவில்லையே என்ற நினைப்பு எனக்கும் வரவில்லை. வரவில்லை என்றுதான் நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஆறு ஐம்பத்தொன்றுக்கு விசில் கேட்டது. மாஸ்டர் பேனாவைப் போட்டுவிட்டுக் கொடியையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு ஓடினார். உப்பு ரெயில் நிற்காமல் போனது. இரண்டு நிமிடத்தில் தெற்கே பெரிய சத்தம்.

வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி. கொலனிக்காரர் ஒருவர் ஓட்டிவந்திருக்கிறார். நாங்கள் ஓடிப்போனபோது ஒரு மாடு செத்துவிட்டது, மற்றது கிடந்து கத்தியது. அந்த மனிதருக்கு இன்னும் உயிர் இருந்தது. மாஸ்டர் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, தண்ணி கொண்டாங்கோ, தண்ணி" என்று கத்தினார். காவலாளி செம்போடு ஓடி வந்தார். ஓடி வந்த வேகத்தில் தண்ணீர் முழுவதும் வழியிலேயே சிந்திவிட்டது. வாயில் ஊற்றச் செம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மனிதர் அப்படியே போய்விட்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கும்போது மாஸ்டர் என்னுடைய கையைப் பிடித்தார். சட்டை முழுவதும் இரத்தம். "ஐசே, நான் கேற்றுக்கு அடிச்சனான் தானே?" என்று கேட்டார். அவருக்கு ஊரில் மூன்று பெண்பிள்ளைகள். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம் மாஸ்டர், அடிச்சனீங்கள்" என்றேன்.

அறைக்குள் வந்ததும் அவர் புத்தகத்தைத் திறந்து, கேற்றுக்கு அறிவித்த நேரம் 6.41 என்று எழுதினார். அவர் கை கழுவப் போன இடைவெளியில் நான் தபாலட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவரைக் காப்பாற்றத்தான் எடுத்தேன். பிறகு ஒருநாள், "ஒரு போஸ்ற்காட் கண்டீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது யாரைக் காப்பாற்ற நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? என்னைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு ஏழு நாள் இருந்தது. அந்த ஒரு கிழமையும் மாஸ்டர் எங்களுடைய கதையில் பிழை பார்த்தார். றேடியோ போட்டிருந்ததா என்று கேட்டால், பற்றறி செத்துப்போயிற்று என்று சொல்ல வேண்டும். "அப்ப செத்த பற்றறி எங்கை? அதைக் கழட்டி அலுமாரிக்கு மேலை வையும், தூசி படட்டும்." ரிசீவரை எந்தக் கையால் பிடித்தார் என்று கேட்டால் இடது கை. ஏனென்றால் வலது கையில் பேனா. "சரி, நீர் எங்கை இருந்தனீர்? யன்னலடியிலை எண்டால் என்ரை இடது கை உமக்குத் தெரியாது. கதிரையை இஞ்சாலை போடும்." சந்திரக் கப்பலில் ஏறியவர்களை எப்படிப் பிழை பிடித்து விரட்டினாரோ அப்படியே எங்கள் இருவரையும் விரட்டினார். கடைசியில் அந்தக் கதையில் ஊசி போக இடமில்லை.

காவலாளியின் கதையோ பொத்தலாக இருந்தது. விறகு கொத்திக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு, சின்னவளைக் கிணற்றடியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு, விசில் கேட்டபோது கேற்றடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன் என்றார். அந்த அரைமணி நேரத்தில் இது எல்லாவற்றையும்தானே ஒரு மனிதன் செய்வான்! விசாரித்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதி எதிரெதிரே வைத்தார். கேற்றடிப் புத்தகத்தில் அழைப்பு வந்ததாக எழுதவில்லையே என்று காவலாளி கெஞ்சினார். முன்பும் பலமுறை அவர் உடனே எழுதாமல் பிறகு எழுதியிருப்பதை அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை ஐயா, நாடக நேரம், மாஸ்டர் ஐயா நாடகம் கேட்டிருப்பார்" என்றார் கடைசியில். அதிகாரி அலுமாரிக்கு மேலே கிடந்த பற்றறியைப் பார்த்தார். விரலால் தூசியைத் தடவியும் பார்த்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ரெலிபோன் அடித்ததைக் கண்டேன், இடது கை, மறுமுனையில் "சரி ஐயா" என்ற குரலும் கேட்டது என்றேன். அந்தக் குரல் மாஸ்டர் சொல்லித் தந்ததல்ல, நானாகச் சேர்த்தது. நாசமாய்ப் போன வாய்! காவலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார், அப்படி ஒரு குரல் தனக்குத்தான் ஞாபகமில்லையோ என்பது மாதிரி. நீதவானுக்கு முன்னும் அதையே சொன்னேன். காவலாளிக்கு ஒன்றரை வருடம் சிறை மறியல், வேலையும் போயிற்று. மாஸ்டர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகுமுன் றேடியோவை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

இப்போது வவுனியாவில் மகனுடைய வீட்டில் இருக்கிறேன். பேரன் பழைய விண்வெளித் தொடர்களைக் கொம்பியூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். ஒரு காட்சியில் கிண்ணம் நிறைந்திருக்கிறது, அடுத்ததில் காலி என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறான். உலகமெங்கும் இப்படிப் பிழை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்களாம். நல்ல பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன்.

காவலாளி மறியலால் வெளியே வந்தபோது வீட்டில் எவரும் இல்லை. மனைவி பிள்ளைகளோடு செட்டிகுளத்தில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் அங்கேயும் போய் வாசலில் நின்றாராம். அவள் வெளியே வரவில்லையாம். கடைசி மட்டும் சேரவேயில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் ஏன் வெளியே வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் மறியலுக்குப் போய் மூன்றாம் மாதம். மாதத்தில் ஒருநாள் அவள் காலை ரெயிலில் யாழ்ப்பாணம் போய் அவரைப் பார்த்து வருவாள். அன்றும் என்னிடம் ரிக்கற் வாங்கினாள். வாங்கியும் யன்னலை விட்டுப் போகவில்லை. கையில் ஒரு பொட்டலம்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டோ? நான் ஒரு இடமும் போய்ச் சொல்ல மாட்டன். வழக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு ரெலிபோன் அடிச்சதோ?"

நான் ரிக்கற்றுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவர் போன பிறகும் நான் பிள்ளையோடை கிணத்தடியிலை நிண்டனான், எனக்குக் கேக்கேல்லை. ரெலிபோன் அடிக்கவேயில்லை எண்டு அவர் சின்னவளின்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினவர். நீங்கள் படிச்ச மனிசர், அவ்வளவு பேருக்கு முன்னாலை அடிச்சதெண்டு சொன்னியள். ரெண்டும் உண்மையாய் இருக்கேலாது. சின்னவளுக்கு இப்ப எட்டு நாளாய்க் காய்ச்சல். தலை தூக்கிறாளில்லை. பிள்ளையிலை பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டாரோ எண்டு எனக்கு நித்திரை இல்லை ஐயா."

சட்டைப் பையில் அன்றும் அந்தத் தபாலட்டை இருந்தது. எடுத்து யன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கலாம். ஒரு சொல் போதும், இல்லை என்ற ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் நான் யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

"ஓம், அடிச்சது" என்றேன். "நான் கேட்டனான்."

அவள் அழவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்தாள். "என்ரை பிள்ளையிலை எல்லோ சத்தியம் பண்ணினவர்" என்றாள், எனக்கல்ல, தனக்கு. பிறகு ரிக்கற்றை உள்ளே தள்ளினாள். பொட்டலத்தையும் தள்ளினாள்.

"எள்ளுப்பாகு. அவருக்கெண்டு இடிச்சனான். திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. நீங்கள் சாப்பிடுங்கோ ஐயா."

ரெயில் வந்தது, அவள் இல்லாமல் போனது. பொட்டலம் மேசையில் கிடந்தது. மத்தியானம் பசித்தது. பிரித்துச் சாப்பிட்டேன்.