பிளைவுட் விமானத்தில் ஒரு கக்கூஸ்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை கண்டால் திருத்திக்கொண்டு படியுங்கள், என்னை மன்னித்துவிடுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சீட்டு தைக்கிறவன். என் அப்பா மயிலாப்பூர்ப் பக்கம் சாக்கடையில் இறங்கி அள்ளுகிற வேலை பார்த்தார். நான் அந்த வேலைப் பக்கமே போகக் கூடாது என்று, ஐந்தாவது முடிந்த கையோடு புதுப்பேட்டையில் கார் சீட்டு தைக்கிற கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். “இன்னா வேல வேணாலும் செய் நைனா. அடுத்தவன் பீய மட்டும் தொடாதே” என்றார். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தேன். குட்டி ஜெட் விமானம் செய்கிற இடத்தில்தான் அதற்குச் சோதனை வந்தது.

விமானம் என்றால் நாலைந்து பணக்காரர்கள் மட்டும் ஏறிப் போகிற சின்ன விமானம். கம்பெனிக்காரர்கள் அடையாறில் ஒரு பெரிய வீட்டின் மாடியில் உட்கார்ந்து அதற்குப் படம் வரைவார்கள். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வைத்திருந்தார்கள். முதலாளி தன்னுடைய பழைய காருக்கு சீட்டு தைக்க எங்கள் கடைக்கு வந்தவர், என் தையலைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்கு வரச் சொன்னார். பறக்கிற விமானம் அங்கே ஒன்றும் இல்லை. முதலில் பிளைவுட்டில் அசல் அளவுக்கு உடம்பு செய்வார்கள். ஆட்களை உள்ளே உட்காரவைத்து, எழுப்பி நிறுத்தி, தலை இடிக்கிறதா முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இடித்தால் மாடியில் படத்தைத் திருத்துவார்கள், நாங்கள் மறுபடி பிரித்துச் செய்வோம். பலகை வேலைக்குச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். சீட்டும் சுவர் மெத்தையும் திரையும் என் வேலை. அளவு சொல்வதற்குப் பொறியாளர் பெண் ஒருத்தி இருந்தாள். என்னை அண்ணா என்பாள்.

“ஒரு விமானம் இல்லண்ணா, மூணு. ஒரே குடும்பம்” என்று அவள்தான் முதலில் விளக்கினாள். மூன்றுக்கும் மூக்கு ஒன்றுதான், வால் ஒன்றுதான். நடு உடம்பை வெட்டி, இறக்கைக்கு முன்னால் ஒரு வளையமும் பின்னால் ஒரு வளையமும் சொருகினால் நாலு சீட்டு ஆறாகிவிடும். இன்னும் சொருகினால் எட்டு. முன்னால் மட்டும் சொருகினால் பாரம் ஒரு பக்கமாகப் போய் மூக்கு குத்திக்கொள்ளும். ஒன்றை ஓட்டப் பழகியவர் கொஞ்சம் பயிற்சியில் மூன்றையும் ஓட்டலாம், உதிரி பாகமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

பாய் சீவுளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “குடும்பமாம். எந்தக் குடும்பத்துலம்மா புள்ளைய நடுவுல அறுத்துப் பெருசாக்குறாங்க? வாழத்தண்டு நறுக்குற வேலன்னு சொல்லு.”

அன்றிலிருந்து அந்த மூன்றுக்கும் தம்பி, அண்ணன், பெரியண்ணன் என்று பெயர். பொறியாளர் பெண்ணும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

தம்பிக்கு வேலை செய்த நாட்கள் நன்றாகவே இருந்தன. நான் தைத்த ஒவ்வொரு சீட்டையும் அவள் தராசில் வைப்பாள். “இன்னும் இருநூறு கிராம் குறைங்கண்ணா” என்பாள். ஸ்பாஞ்சை உள்பக்கமாகக் குடைந்து, தோலைப் பின்பக்கம் சீவி எடுத்துக் குறைப்பேன். அதே சீட்டு மூன்று விமானத்துக்கும் பொருந்தவேண்டும். அப்பா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “எம்புள்ள ஏரோப்ளேன் செய்றான்” என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியண்ணனில்தான் எனக்கு அருவருப்பு ஆரம்பித்தது. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம் என்று முதலாளி முன்னாலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தரைக்கு அடியில் குழாய்களும் கம்பிகளும் போக, மிஞ்சிய உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். படத்தைத் திருத்துவதற்குப் பதிலாக அவர் குள்ளமான ஆட்களைத் தேடினார். நான் ஐந்தடி ஒரு அங்குலம். யாரோ போட்டுக் கழற்றிய கோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கழுத்துப்பட்டையில் மஞ்சளாக வியர்வை காய்ந்து கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, கையில் ஜூஸ் டம்ளரோடு, சீட்டுகளுக்கு நடுவே இருந்த நடைபாதையில் நிமிர்ந்து நின்றேன். விளம்பரத்துக்குப் போட்டோ எடுத்தார்கள்.

“மாப்ள மாதிரியே கீறே நைனா. பொண்ணு எங்க, வால்ல குந்திகினு கீதா?” என்றார் பாய்.

கோட்டைக் கழற்றி எறியவேண்டும் போல இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை எந்த முதலாளியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

வால் பக்கம் உண்மையிலேயே ஒரு விஷயம் இருந்தது. தம்பிக்கும் அண்ணனுக்கும் இல்லாத தனிக் கக்கூஸ், கதவோடு. பெரியண்ணனை விற்கப்போவதே அதுதான் என்றார் முதலாளி. அதன் மூடியை சீட்டாகத் தைக்கவேண்டும், பெல்ட்டும் வேண்டும். ஆள் கூடிப்போனால் ஒன்பதாவது ஆள் அதன்மேல் உட்கார்ந்து பறக்கலாமாம். ஒருத்தர் கழித்ததன்மேல் இன்னொருத்தர் பெல்ட் போட்டு உட்கார்ந்து போவார் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் கிரீம் நிறத் தோலில் இரட்டைத் தையல் போட்டேன். அந்த ஷெட்டில் நான் தைத்ததிலேயே நல்ல தையல் அதுதான். கீழே இருந்தது வெறும் பிளைவுட் பெட்டி, அதற்குள் தி.நகரில் வாங்கிய பிளாஸ்டிக் பேசின். குழாய் சும்மா ஒட்டி வைத்தது. தண்ணீர் கிடையாது, தொட்டி கிடையாது.

பணம் போடுகிறவர்கள் ஒரு நாள் காலையில் வந்தார்கள், ஆறு பேர். சீட்டில் உட்கார்ந்து வடை தின்றார்கள். எண்ணெய்க் கையைக் கைப்பிடியில் துடைத்தார்கள். ஒருவர் எதிர் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டார். அவர்களில் பருமனான ஒருவர் எழுந்து வால் பக்கம் போனார். கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. மாதிரிதானே, சுற்றிப் பார்க்கிறார் என்று நினைத்தோம். நேரம் ஆனது. பாய் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

வெளியே வந்தவர், நான் தைத்த திரையில் கையைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி வரல, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஷெட்டில் தகரக் கூரை, வெயில். நாற்றம் மெத்தையிலெல்லாம் ஏறியது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“உங்க வேலைக்கு இதவிட சர்டிபிகேட் வேணுமா? மனுஷன் நெஜம்னே நம்பிட்டாரு.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “சரி, சாயங்காலம் இன்னொரு குரூப் வருது. பத்து நிமிஷ வேலை. எடுத்துப் போட்டு கழுவி விட்டுடு.”

அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் பேசுவார். ஷெட்டில் அப்போது ஏழு பேர் இருந்தோம். என் அப்பா பார்த்த வேலையை அங்கே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. யாரோ சொல்லி, தெரிந்து என்னைப் பார்த்தாரா? தெரியாமலே அவர் கண் நேராக என்மேல் வந்து நின்றதா? எது அதிக அசிங்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“முடியாது சார்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்றார். மறுபடியும் சொன்னேன்.

“அப்ப யாரு பண்றது, நானா?”

“போனவரு நம்பர் கீதா சார்? ஒரு போன் போட்டா அவரே வந்துட்டுப் போவாரு” என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் பெண் கையிலிருந்த படத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

முதலாளி யாருக்கோ போன் செய்தார். அரை மணியில் ஒருவர் பக்கெட்டும் பினாயிலுமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். கையுறை இல்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போய், மூடியைப் பார்த்து நின்றார்.

“தோலாண்ணே இது? தண்ணி பட்டா கெட்டுடாதா?” என்று என்னைக் கேட்டார்.

அவர் சட்டைக் கையை மடித்தார். நான் முடியாது என்று சொன்னதில் நடந்தது இவ்வளவுதான், எனக்குப் பதில் இவர் குனிகிறார். இன்னொருத்தன் தொடுவதை நின்று வேடிக்கை பார்க்கலாமா என்று அப்பா சொல்லித்தரவில்லை.

“கை வைக்காதண்ணே, இரு” என்றேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து பெட்டியின் எட்டு ஸ்குரூவையும் கழற்றினேன். மூடி, பெல்ட், பேசின் எல்லாவற்றோடும் பெட்டியை ஒரு ரெக்சின் துண்டில் வைத்துச் சுருட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். படியில் இறங்கும்போது பெட்டி என் பக்கம் சாய்ந்தது. கட்டைவிரலில் வழிந்தது. விடவில்லை, விட்டால் அவர்மேல் விழும்.

“யோவ், அந்த இடத்துல சாயங்காலம் நான் என்னத்தக் காட்டுறது?” என்று முதலாளி பின்னாலிருந்து கத்தினார்.

“ஓட்டை கீதே சார். காத்து நல்லா வரும்” என்றார் பாய்.

ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, இரட்டைத் தையலோடு சேர்த்துப் புதைத்தோம். குழாயடியில் அவர் எனக்குத்தான் முதலில் சோப்பு கொடுத்தார்.

“நீ இன்னாத்துக்குண்ணே தொட்ட? இது என் வேல.”

“என் வேல மட்டும் இன்னா? இதுக்கு மூடி தைக்கிறதுதான்” என்றேன்.

மறுநாளிலிருந்து நான் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பொறியாளர் பெண் போன் செய்தாள். தரையைத் தாழ்த்தி உயரத்தைச் சரிசெய்துவிட்டார்களாம். புது மூடி தைக்க வரமுடியுமா அண்ணா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரமாட்டேன் என்றேன்.

ஏரோப்ளேன் என்ன ஆனது என்று அப்பா கேட்டார். வேலை முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் கேட்ட ஒன்றை நான் மீறிவிட்டேன், அதுவும் யாரும் சொல்லாமல் நானாகவே. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஐப்பசி ஏழு, வெள்ளிக்கிழமை.