கூடாரத்தில் இரண்டு பேர் படுக்கலாம் என்றவர்

ராஜகுமாரி அக்காவின் மகன் பிரபுவிடமிருந்து போன் வந்தால் நான் உடனே எடுப்பதில்லை. அதற்கொரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் பெயர் திரையில் வந்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மூன்றாம் முறை என் வீட்டுக்காரர் எடுத்துக் காதில் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். காலையில் காபி கேட்டாராம். மருமகள் கலந்து எடுத்துவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

ராஜகுமாரி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியராக இந்த மாவட்டத்தில் அவர் கால் படாத ஊர் குறைவு. நான் மருந்தாளுநராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். நோயாளிகளுக்கு அவர் நர்சம்மா, டாக்டர்களுக்கு சிஸ்டர், எனக்கு அக்கா. எதிலும் பயமில்லாதவர். எனக்கு எல்லாவற்றிலும் பயம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் அவர் ஒரு கூடாரம் வாங்கினார். பச்சை நிறத்தில், மடித்தால் பைக்குள் அடங்கிவிடுகிற கூடாரம். வெள்ளோட்டமாக, தருமபுரியில் தன் வீட்டு வாசலிலேயே அதை அடித்து உள்ளே படுத்துப் பார்த்திருக்கிறார். காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்களாம். நானும் சும்மா இருக்கவில்லை. "ஏங்க்கா, வூட்ல மூட்டப்பூச்சி ஜாஸ்தியா?" என்று கேட்டேன். "சிரி சிரி. தை பொறக்கட்டும், உன் வூட்டு வாசல்லயே வந்து அடிக்கிறேன் பாரு" என்றார்.

சொன்னபடியே செய்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் பெங்களூரில் இருந்தான். பொங்கல் முடிந்து களங்கள் ஓய்ந்ததும் ஸ்கூட்டரின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். இண்டூரில் என் வீடு, பிறகு ஏரியூர், திரும்பி வந்து வத்தல்மலை, அப்புறம் கடத்தூர், கடைசியில் சித்தேரி. வேலை பார்த்த காலத்தில் சம்பாதித்த சிநேகிதர்களை ஒரு சுற்று பார்த்துவருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். எல்லார் வீட்டிலும் சாப்பிடுவார், குளிப்பார், கதை பேசுவார். படுப்பது மட்டும் வெளியே, தன் கூடாரத்தில்.

முதல் வருடம் இது என் வீட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. வந்தவரை வாசலில் படுக்கவைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா விடுவார்களா? என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "நர்சம்மாவ வெளிய தள்ளிட்டாங்கன்னு ஊரே பேசும்ங்க. உள்ள வந்து படுங்க" என்று மன்றாடினார். அக்கா கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்: "உள்ள வந்தா உங்க மருமவ கட்டில எனக்குக் குடுத்துட்டு அவ கீழ படுப்பா. மொத வருசம் சந்தோசமாக் குடுப்பா. மூணாவது வருசம் நான் வரேன்னாலே அவளுக்கு மூஞ்சி சுருங்கும். நான் பத்து வருசம் வரணும்னு பாக்கறேன்ங்க." என் மருமகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். மறுநாள் காலை அவளே கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் வா வசந்தா. இதுல ரெண்டு பேரு படுக்கலாம்." வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மாடு சினை, பேரனுக்குப் பள்ளிக்கூடம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அடுத்த வருடமும் கூப்பிட்டார். மாடு கன்று போட்டிருந்தது, ஆகவே வேறு காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எனக்குப் போக ஆசை. இரண்டு பெண்பிள்ளைகள் இந்த வயதில் ஊர் சுற்றினால் நான்கு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயம் அந்த ஆசையைவிடப் பெரியதாக இருந்தது. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பென்னாகரம் சாலையில் திரும்பி மறையும்வரை வாசலில் நின்று பார்ப்பேன். பிறகு அன்றைக்கு முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுவேன். அதற்குப் பொறாமை என்று பெயர். இவ்வளவு நாள் கழித்துத்தான் எழுத வருகிறது.

மூன்றாம் வருடப் பயணத்தின் பத்தாவது நாள், பகல் பதினொரு மணி இருக்கும், சித்தேரி அடிவாரத்திலிருந்து போன் செய்தார். மலை ஏறத் தொடங்கிய இடத்தில் மணலில் சறுக்கி வண்டி விழுந்துவிட்டது என்றார். கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. தானே கட்டுப்போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "சின்ன அடிதான். மேல சின்னப்பொண்ணு வூட்டுக்குப் போயி நாலு நாளு இருந்துட்டு வரேன். பிரபுகிட்ட மட்டும் சொல்லிராத, அவன் குதிப்பான்" என்றார். சின்னப்பொண்ணு மலைமேல் சாமை விதைக்கிறவர், அக்காவுக்கு இருபது வருடச் சிநேகிதி. சரி அக்கா என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் பிரபுவுக்குப் போன் செய்துவிட்டேன்.

அவன் அரூரில் இருந்த தன் நண்பனுக்குச் சொல்ல, அரை மணி நேரத்தில் கார் அடிவாரத்துக்குப் போய்விட்டது. மாலையில் பிரபு வந்து அவரை நேரே பெங்களூருக்கு அழைத்துச் சென்றான். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு. ஆனால் ஸ்கூட்டரை விற்றுவிட்டான். கூடாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தருமபுரி வீட்டைப் பூட்டி, அம்மாவைத் தன் அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டான். பிரபுவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெற்ற தாய் ரோட்டில் விழுந்து கிடக்கிறாள் என்று அவனிடம் சொன்னவள் நான். "கெடக்கறாங்கப்பா" என்றுதான் சொன்னேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. அவன் போனை உடனே எடுக்க எனக்குக் கை வராததற்கு இதுதான் காரணம்.

ஒரு மாதம் கழித்து அக்கா பேசினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீதான் சொன்னேன்னு தெரியும் வசந்தா" என்றார்.

"பயந்துட்டேங்க்கா."

"எனக்காவா பயந்த?"

"ஆமாங்க்கா. வேற யாருக்காக?"

 அக்கா பேச்சை மாற்றி, பெங்களூரில் தக்காளியில் புளிப்பே இல்லை என்று ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார். ஏரியூரில் மழையா, கடத்தூர்க்காரர் மகள் கல்யாணத்துக்குப் போனாயா, என் மாடு எப்படி இருக்கிறது என்று கேட்பார். தான் எங்கே போனோம் என்று சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. லிஃப்டில் கீழே போய் வந்ததாக ஒருமுறை சொன்னார். பதினான்கு மாதம் இப்படிப் போனது.

போன வாரம் தருமபுரி வீட்டில் பதினாறாம் நாள் காரியம். சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் சின்னப்பொண்ணும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். நான் அவர்களை அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு அந்தம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இண்டூரு வசந்தாம்மா நீங்கதானுங்களா? நர்சம்மா உங்க பேர எடுக்காத நாளில்லீங்க."

நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கு மலைக்கு வரேன்னாங்க. கீழ உளுந்துட்டேன்னு எனக்குப் போன் போட்டாங்க. எங்க வூட்டுக்காரரு உடனே பைக்க எடுத்துட்டு எறங்கிட்டாருங்க. வந்து பாத்தா டீக்கட காலி, ஸ்கூட்டரு மட்டும் நிக்குது. காருல ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு கடக்காரரு சொன்னாரு."

அக்கா தனியாக இல்லை. அவரைக் கூட்டிப் போக ஆள் பாதி மலை இறங்கிவிட்டது. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

"நான்தாங்க அவர் மகனுக்குச் சொன்னேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க."

அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. "முழுக்க நல்லதுக்கில்லீங்க" என்றேன். அவருக்காகப் பயந்தது உண்மை. ஆனால் பிரபுவின் எண்ணை அழுத்தியபோது, இனிமேல் இவரும் என்னைப்போல வீட்டில் இருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பெயர் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணிடம், எச்சில் இலைகள் கிடந்த பந்திக்கு நடுவில் நின்று சொன்னேன்.

சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது நர்சம்மாவுக்குத் தெரியும்ங்க. பெங்களூர்ல இருந்து பேசும்போது சொன்னாங்க. வசந்தாவுக்கு எங்கூட வரணும்னு கொள்ள ஆச, அது அவளுக்கே தெரியல, அதான் என்னைய நிறுத்திட்டா, அவள ஒண்ணும் சொல்லாதன்னாங்க."

அக்காவை அறிந்த ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதையாவது வைத்திருப்பீர்கள். அவர் போட்ட தடுப்பூசித் தழும்பு சிலரிடம் இருக்கும், அவர் வைத்த பெயர் சில பிள்ளைகளுக்கு இருக்கும். எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். நான் செய்தது என்ன, ஏன் செய்தேன் என்று முழுதாகத் தெரிந்துகொண்டே அவர் என்னைக் கூப்பிட்டு, மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் மாட்டைப் பற்றி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.