இருபத்திரண்டு விநாடி

"பதினெட்டு... பத்தொம்போது... ஐயோ, பையைக் கீழ போட்டுட்டாளே... இருவது..." என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார் நிபியா. வெந்நீர் ஃபிளாஸ்க் இடது கக்கத்தில், மாத்தே என்கிற எங்கள் ஊர் மூலிகைத் தேநீர்க் குடுவை அதே கையில், வலது கையில் பென்சில். என் பத்திரிகைக் கடையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாலையைக் கடக்கும் கிழடுகளை ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்வது நான்கு மாதமாக அவருடைய காலை வேலை. எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தார்கள். பத்திரிகை வாங்க வந்த பாதிரியாருக்கே ஒருமுறை திட்டு விழுந்தது.

மருத்துவ நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம். வயசானவர்கள் குடியிருப்பது இந்தப் பக்கம். நடுவில் ஆறு வரிசை வண்டிகள். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எரிவது இருபத்திரண்டு விநாடி. நிபியாவின் பள்ளிக்கூட நோட்டில் ஆளுக்கு ஒரு வரி உண்டு: பெயர், வயது, கைத்தடி உண்டா இல்லையா, எத்தனை விநாடி. பாதிப் பேருக்கு வரியின் கடைசியில் "நடுவில் நின்றார்" என்று இருக்கும்.

முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள். எங்கள் பேட்டையில் எழுபது தாண்டியவர்களில் ஒருவர் பெயர் மட்டும் அதில் இல்லை. "உங்க பேரு எங்க, தோன்யா?" என்று, வயசான பெண்களை இங்கே மரியாதையாகக் கூப்பிடும் வழக்கப்படி கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்னடா கேடு? நான் என்ன கிழவியா?" என்றார். வயது எழுபத்தெட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து தன் முட்டிவலி மாத்திரையை என்னை அனுப்பித்தான் வாங்கிக்கொள்கிறார். அதைப் பற்றி நானும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை.

முப்பத்தோரு வருடம் எங்கள் மோன்டெவிடேயோ நகரத்து பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போனது அவருடைய பஸ்ஸில்தான். விரலிடுக்கில் எப்போதும் ஒரு காசு வைத்திருப்பார். அந்தக் காசால் இரும்புக் கம்பியில் ரெண்டு தட்டு தட்டினால் பஸ் கிளம்பும். ஒரே தட்டு என்றால் நிற்கும். வயசானவர் யாராவது ஏறினால், அவர் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அந்த ரெண்டு தட்டு. டிரைவர் முணுமுணுத்தால், "உன்னப் பெத்தவ ஏறினாலும் இப்படித்தான் பறப்பியா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். அப்போது இந்தச் சாலையும் ரெண்டே வரிசை. கடக்கிறவர்கள் நடுவில் நின்று மாத்தே குடுவையைக் கைமாற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள், பஸ் காத்திருக்கும். 

இந்த நோட்டு வேலையெல்லாம் மில்ட்டனுக்காகத் தொடங்கியது. இறைச்சி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிபியாவின் பக்கத்து வீடு. காலில் ஆறாத சர்க்கரைப் புண். வாரம் ரெண்டு தடவை போய்க் கட்டு மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் ஒருநாள் பாதிச் சாலையில் சிவப்பு விழுந்து, நாலாபக்கமும் ஹாரன் அடிக்க, தடுமாறி விழுந்துவிட்டார். அன்றோடு போவதையே நிறுத்திவிட்டார். "இப்படியே வுட்டா காலையே எடுத்துடுவாங்கடா, ருபென். அந்த மரமண்டைக்கு ஏறலயே," என்று நிபியா கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். பச்சை இன்னும் பதினைந்து விநாடி எரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

நோட்டின் நகலோடு மனு போனது. போன செவ்வாய்க்கிழமை போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும், கையில் விநாடிக் கடிகாரம். ஒரு மணி நேரம் தானே நின்று பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். முந்தின நாளே நிபியா வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஆபீசர் பாக்க வர்றாங்க, எல்லாரும் வந்துடுங்க," என்று சொல்லி வைத்திருந்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார். பார்க்க ஆள் வருகிறதென்றால் எங்கள் பேட்டைக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

முகம் மழித்து, தலையைப் படிய வாரி, கல்யாணக் கோட்டை மாட்டி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையிலும் தடி இல்லை. மில்ட்டன் தன் தடியை என் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அதிகாரியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். இருபத்தொரு விநாடி! அந்தப் பக்கம் போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. சிரிப்பை மட்டும் விடவில்லை.

"அடப்பாவி, கெடுத்தியே!" என்று நிபியா தலையில் அடித்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு பாக்குறான்னதும் உனக்கு இருவது வயசாயிடுச்சா?"

பின்னால் வந்த பதினோரு பேரும் அதே மாதிரிதான். அதிகாரி காகிதத்தை மடித்தார். "எல்லாரும் தாண்டிட்டாங்களே, தோன்யா. நேரம் போதும்னுதான் நான் எழுத முடியும்."

 நிபியா நோட்டை என் கையில் திணித்தார். கடைக்குப் பின்னால் போய் மில்ட்டனின் தடியை எடுத்து வந்தார். நிபியா கையில் தடியை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பச்சை விழுந்ததும் சாலையில் இறங்கினார்.

ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து, நின்று, மறுபடி வைத்து. இவ்வளவு மோசம் என்று எனக்கே தெரியாது. அதிகாரி கடிகாரத்தை அழுத்தியிருந்தார். இருபத்திரண்டில் நிபியா பாதியைக்கூடத் தாண்டவில்லை. சிவப்பு விழுந்தது. பஸ் ஒன்று மூக்கருகே வந்து ஹாரன் அடித்தது. எதிர்ப்பக்கம் மில்ட்டனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"டேய் ருபென், எழுதிக்கோ!" என்று திரும்பாமலே கத்தினார். "நிபியா. எழுவத்தெட்டு. தடி உண்டு. நடுவுல நின்னாச்சு."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. நிபியா தடியை உயர்த்தி, பஸ்ஸின் முன்பக்க இரும்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.