அப்பாவின் சட்டை எரிந்த போகி

சித்தப்பா, அப்பாவின் சட்டையை எரித்தது நீங்கள்தான்.

இன்று போகி. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது டயர் புகை மூக்கில் ஏறியது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் போகி நினைவுக்கு வந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள் நீங்களும் அப்பாவும் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனீர்கள். நீங்கள் மட்டும் திரும்பினீர்கள். “அண்ணன் பின்னாடி வந்துகினு கீது” என்றீர்கள்.

போகி விடியலில் நான் மேளம் தட்ட, பழைய பாயோடு அவர் சட்டையையும் தீயில் போட்டீர்கள்.

“அவரு வந்தா இன்னாத்த போட்டுப்பாரு?” என்றாள் அம்மா.

“போன வருஷத்தோட போவட்டும் அண்ணி.”

சூட்டில் சட்டையின் கை மேலே எழுந்து, மெல்ல மடங்கியது. நான் மேளத்தை நிறுத்திவிட்டேன்.

அப்பா வரவேயில்லை. இன்னொரு வருஷம் இதைச் சுமக்க மாட்டேன். நாளை பொங்கலுக்குக் கோயிலில் ஊரே கூடும். அவர் வரமாட்டார் என்று அன்று காலையே உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.