எட்டு மில்லிமீட்டர்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் திருச்சி காட்டூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவுமதி மடியில் கிடந்த போனை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். செய்தி எதுவும் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பவுனம்மாள் அதைக் கவனித்துவிட்டார். "யாரும்மா போன்ல? ரொம்ப அவசரமா?"

"வேலை விஷயங்க" என்றாள் அறிவுமதி. அவள் அம்மா மாரியாயி சமையலறை வாசலில் நின்று முறைத்தாள்.

அறிவுமதிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவள் அப்பா அம்மாசி லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது இயற்பியலில் இடம் தீர்ந்திருந்தது. நிலவியல்தான் கிடைக்கும், பாறையைப் பற்றிப் படிப்பது என்றார்கள். "கல்லப் பத்திப் படிக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவள் எம்.எஸ்ஸி. முடிப்பதற்குள் இறந்துபோனார்.

முதல் வருடம் அவளுக்கும் அதே சந்தேகம் இருந்தது. திருச்சியைச் சுற்றியிருந்த பாறைகளுக்கு ஐம்பது கோடி ஆண்டுகளாகப் பெரிதாக எதுவுமே நடந்திருக்கவில்லை. பிறகு இமயமலைக்கு அழைத்துப்போனார்கள். ஒரு சாலை வளைவில் பேராசிரியர் பஸ்ஸை நிறுத்தி, மலைச்சரிவில் சாய்வாக ஓடிய ஒரு கறுப்புப் பட்டையைக் காட்டினார். பட்டைக்கு மேலே இருந்தது பழைய பாறை, கீழே இருந்தது இளைய பாறை. கீழே கிடக்க வேண்டியதை எது தூக்கி மேலே ஏற்றியதோ அது இன்னும் ஓயவில்லை என்றார். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். அவள் பட்டையில் விரலை வைத்தாள். பாறை மாவாக உதிர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் கால் தரிக்கவில்லை.

படித்து முடித்ததும் அந்த மலையில் ரயிலுக்காகச் சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளிய பிறகு, புதிதாகத் தெரியும் பாறை முகத்தின் முன்னால் நின்று அதை வரைய வேண்டும். எங்கே விரிசல், எங்கே நீர்க்கசிவு, எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் சுவரையும் கூரையையும் தாங்க எத்தனை இரும்பு வளைவுகள் நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள்.

அந்த வருடம் சுரங்கம் கறுப்புக் களிமண் போன்ற நொறுங்கிய பாறைக்குள் நுழைந்தது. அது இடிந்து விழவில்லை, நெருக்கியது. இரு பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கி நாளுக்கு எட்டு மில்லிமீட்டர் நகர்ந்தன. தரை மேலே எழும்பியது. விடுப்பில் ஊருக்குக் கிளம்பிய அன்று அது பதினொன்றாகியிருந்தது. உடன் வேலை செய்த பிரவீன்ராஜ், "நீங்க போங்க, தினமும் காலைல அளவு அனுப்பறேன்" என்றான். ஒரு வாரம் தவறாமல் வந்தது. பெண் பார்க்க வந்த அன்றுதான் வரவில்லை.

மாப்பிள்ளை தமிழ்மணிக்கு ஸ்ரீரங்கத்தில் வங்கி வேலை. தனியாகப் பேச வேண்டுமென்றார். இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள்.

"வேற யாராவது இருந்தா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யாரும் இல்லைங்க. ஒரு மலைதான்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. இந்தியா முழுவதும் வடக்கே நகர்ந்து ஆசியாவுக்கு அடியில் முட்டிக்கொண்டிருப்பது, முட்டுகிற இடத்தில் பாறை அரைபடுவது, அதற்குள் தாங்கள் துளை போடுவது எல்லாவற்றையும் சொன்னாள். "இந்த வீடும்தான் போகுதுங்க. வருஷத்துக்கு மூணு விரக்கடை வடக்கே."

தமிழ்மணி தன்னையறியாமல் மாடிக் கைப்பிடியைப் பிடித்தார். "சரி, நீங்க இங்கேருந்து போனைப் பாத்தா அது நின்னுடுமா?"

"நிக்காது."

"அப்புறம் ஏங்க பாக்கறீங்க?"

அந்த நேரம் போன் அடித்தது. பிரவீன்ராஜ். "ஆளுங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, மொதல்ல அதச் சொல்லிடறேன். இடது பக்கம் இரும்பு வளைவு பூரா மடங்கிப்போச்சு. துளை போடுற மெஷின் உள்ள மாட்டிக்கிச்சு. கூப்பிடக்கூட நேரமில்ல."

அவள் போனை வைத்தாள். கீழே போய் எல்லோரிடமும் விடைபெற்றுவிட்டு, அப்போதே பை கட்ட ஆரம்பித்தாள். மாரியாயி தலையில் அடித்துக்கொண்டாள். "வந்தவங்க இன்னும் படி எறங்கலடி!"

மறுநாள் காலை சென்னை ரயில் ஸ்ரீரங்கத்தில் நின்றபோது தமிழ்மணி பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அவர் வருவதாகப் போனில் சொல்லியிருந்ததால் அவளும் பெட்டி வாசலுக்கு வந்திருந்தாள்.

"நேர்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார். "நீங்க சொன்னதெல்லாம் ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடுச்சு. எனக்கு இது ஆகாதுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு, அது போதும் எனக்கு."

"நல்லதுங்க. சொன்னதுக்குத் தேங்க்ஸ்."

ரயில் நகர்ந்தது. கொள்ளிடம் பாலத்தில் போகும்போது அவளுக்கு வருத்தம் வந்தது. அவர் மறுத்ததற்காக இல்லை, அவர் சொன்ன அந்த ஆறு மணி வீடு தனக்கு ஏன் போதவில்லை என்று தெரியாததற்காக.

போய்ச் சேர்ந்தபோது சுரங்கத்தின் இடது பக்கம் வயிறு தள்ளி நின்றது. மடங்கிய இரும்பை அறுத்து எடுத்தார்கள். இந்த முறை அகலமாகத் தோண்டி, நெருக்கினால் கொஞ்சம் வழுக்கி இடம் கொடுக்கிற மாதிரியான வளைவுகளை வைத்தார்கள். மலை வேண்டிய மட்டும் நகர்ந்துகொள்ளட்டும், பிறகு இறுக்கலாம் என்பது திட்டம். அந்த நொறுங்கிய பாறையைக் கடக்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. ஒருநாள் வெடிக்குப் பிறகு சாம்பல் நிறத்தில் கெட்டியான பாறை தெரிந்தது. ஆட்கள் விசிலடித்தார்கள். அதன்பின் அளவு அசையவேயில்லை. முகாமில் எல்லோரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள். அவள் மட்டும் அறைக்கும் சுரங்க வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் தம்பி சித்தார்த்தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். ஜீப்பில் வரும் வழியெல்லாம் மாரியாயி சரிவுகளையே பார்த்தாள். "இது என்னடி மலை? வீடு கட்டக் கொட்டி வச்ச ஜல்லி மாதிரியில்ல இருக்கு?"

"அப்படித்தாம்மா. இன்னும் கட்டி முடிக்கல."

மாரியாயி சுரங்க வாசலில் நின்று இருட்டைப் பார்த்தாள். "இதுக்குள்ளயாடி தினம் போற?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. பத்து நாள் தங்க வந்தவள், காது அடைக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று நான்காம் நாளே மகனோடு கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது மகளின் கன்னத்தைத் தொட்டு, "வந்துடுன்னு சொன்னா வரவா போற? பாத்து இரு" என்றாள்.

அவர்களை ஏற்றிவிட்டு அறிவுமதி முகாமுக்குத் திரும்பும் வழியில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. ஜீப் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அருணாச்சலப் பிரதேசத்தில் புதிதாகத் தொடங்கும் இன்னொரு சுரங்கத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தது அம்மாவுக்குத் தெரியாது. கதவைத் திறந்து இறங்கி, வரிசையாக நின்ற லாரிகளைத் தாண்டி, சரிந்த மண்ணைப் பார்க்க முன்னால் நடந்தாள்.