ஒரே முகூர்த்தத்தில் ஒன்பது கடல் மீன்கள்

"ஏம்மா, அந்தக் கருப்பு மீனை வந்து புடிச்சுக்கிட்டுப் போயிரு. அது இந்த வூட்டுக்கு ஆகல."

அரியலூரிலிருந்து செல்லம்மாள் அம்மா போனில் சொன்னது இது. நான் பெரம்பலூரில் வண்ணமீன் கடை நடத்துகிறவள். அவர்களுடைய புது வீட்டுக் கூடத்தில் நான் கடல் மீன் தொட்டி வைத்துக்கொடுத்து, கிரகப்பிரவேசத்தன்று மீன் விட்டு, பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"மத்த மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"எட்டும் போயிருச்சு. அந்த ஒத்தக் கருப்புதான் ராசா மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. அதைத் தொட்டியில விட்ட மவராசிய அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டோம். இதையும் நீ கொண்டுட்டுப் போயிட்டீன்னா வூடு சுத்தமாயிரும்."

அந்த மகராசி என்பது அவருடைய மருமகள் பவித்ரா. வேப்பந்தட்டைப் பெண். கல்யாணமாகி எட்டு மாதம். மீன் செத்ததற்கு மனுஷியை வீட்டை விட்டு அனுப்புவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிரித்துப் பார்த்தபோது அதில் பெரிய பங்கு எனக்கே வந்து சேர்ந்தது.

1. உப்புப் போட்டால் கடலா?

செல்லம்மாளின் வீட்டுக்காரர் தங்கராசு, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு ஜேசிபி வாடகைக்கு விடுகிறவர். புது வீட்டுக்கு நாலடித் தொட்டி வேண்டும், அதுவும் கடல் மீன்தான் வேண்டும் என்று கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் கோல்டுபிஷ், கப்பி, மிஞ்சிப்போனால் ஃபிளவர்ஹார்ன். கடல் தொட்டி கேட்டு வருகிறவர் அபூர்வம். அதனால் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"சார், கடல் தொட்டி நல்ல தண்ணித் தொட்டி மாதிரி இல்ல. ஆர்.ஓ. தண்ணியில கடல் உப்புக் கலந்து, பாறை அடுக்கி, ஃபில்டர் ஓட விட்டு, சும்மா அஞ்சாறு வாரம் விடணும். மீனோட கழிவைத் திங்கிற பாக்டீரியா அதுக்குள்ள வளரணும். அப்புறம் ரெண்டு மீன், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு, அப்படித்தான் விடணும்."

"அஞ்சாறு வாரமா? பன்னெண்டு நாள்ல கிரகப்பிரவேசம். பத்திரிகை அடிச்சுக் கொடுத்தாச்சு. உப்புப் போட்டா கடலாயிடப் போவுது, இதுல என்னாம்மா?"

அவருடன் ஒரு வாஸ்துக்காரர் வந்திருந்தார். அவர் என் கடையின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, பேச்சை ஆரம்பித்தார்.

"மொத்தம் ஒம்போது மீன். எட்டு ஆரஞ்சு, ஒண்ணு கருப்பு. கருப்பு வந்து திருஷ்டியை இழுத்துக்கும். ஒம்போதும் ஒரே முகூர்த்தத்துல எறங்கணும். ஒம்போது சுமங்கலி கையால."

ஆரஞ்சு என்றால் கடல் மீனில் க்ளவுன்தான் சுலபம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். கடலிலிருந்து பிடிக்காமல் பண்ணையில் பொரித்தது கிடைக்கும், சாது, புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல மீன் கிடையாது. ஆனால் ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடிதான். நாலடித் தொட்டியில் எட்டை விட்டால், எட்டுப் பங்காளிக்கு ஒரே வரப்பு என்கிற கதை. அதில் இரண்டு மீன் மட்டும் ஜோடியாகிக்கொண்டு மற்ற ஆறையும் நிம்மதியாக இருக்க விடாது. கருப்பில், சொன்ன நாளுக்குள் கிடைப்பது டொமினோ டேம்சல். கருப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. சின்னதாக இருக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு. அடாவடியில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அதை விட்டே ஆக வேண்டுமென்றால், மற்ற எல்லா மீனும் இடம் பிடித்துக் குடியேறிய பிறகு கடைசியாக விட வேண்டும். ஆரம்பக்காரர் தொட்டிக்கு அதுவும் வேண்டாம் என்பேன்.

இதையெல்லாம் சொன்னேனா என்றால், சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். "முடியாதுன்னா சொல்லிடும்மா, திருச்சியில ஆள் இருக்காங்க" என்று தங்கராசு எழுந்தார். நான் "சரி சார், பார்த்துப் பண்ணிடலாம்" என்றேன்.

முப்பது வருஷத் தொழில் அனுபவத்தை அந்த ஒரு "சரி சார்" விழுங்கிவிட்டது.

2. ஒன்பது கவர்

கடையில் வாங்கிய மீனைத் தொட்டியில் விடும் முறை பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். மூடிய கவரை அப்படியே தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டால் சூடு சமமாகும். பிறகு மீனையும் கவர் தண்ணீரையும் ஒரு வாளிக்கு மாற்றி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் வாளியில் இறக்க வேண்டும். கவரில் இருக்கும் உப்பு ஒரு அளவு, தொட்டியில் இருக்கும் உப்பு ஒரு அளவு. மீன் அதற்குப் பழக வேண்டும். கடைசியில் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். கவர் தண்ணீர் ஒரு சொட்டுத் தொட்டிக்குள் போகக் கூடாது. விளக்கை அணைத்துவிட வேண்டும்.

கிரகப்பிரவேசத்தன்று நடந்தது என்ன? ஓமப் புகை அடங்கவில்லை. பால் காய்ச்சிய கையோடு ஒன்பது பெண்கள் பட்டுப்புடவையில் வரிசையாக வந்தார்கள். வீடியோக்காரர் தொட்டி விளக்கை முழுதாக எரியவிட்டு, மேலே இன்னொரு விளக்கையும் பிடித்தார். "நேரம் போவுது, ஊத்துங்க ஊத்துங்க" என்றார் வாஸ்துக்காரர். மீனோடு தண்ணீரோடு, எட்டுப் பேர் எட்டுக் கவரை அப்படியே கவிழ்த்தார்கள். கடைசிக் கவர், திருஷ்டி மீன். "வூட்டு மருமவதான் விடணும்" என்றார் அவரே. பவித்ரா என் பக்கம் திரும்பி, "அக்கா, இப்படியே ஊத்தலாமா?" என்று கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பளிங்கு மாதிரி இருக்கும் தண்ணீரில் விஷம் இருக்கலாம் என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் தங்கராசு புதுக் கிரானைட் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதே நாள் முதல் க்ளவுன் செத்தது. அடுத்தடுத்து மற்றவையும். வாஸ்துக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். "மீனு செத்தா நல்லதுதான், பெரிய கண்டம் அதோட போச்சு" என்றாராம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எட்டு மீன் செத்துக் கண்டம் கழிந்தது என்றால், விட்ட கைகளுக்குக் கும்பிடு போட வேண்டியதுதானே? இல்லை. கண்டம் கழிந்த பெருமை வாஸ்துக்காரருக்கு. கை முறிந்த பழி, கருப்பு மீனை விட்ட மருமகளுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் நான் யோக்கியம் என்று எழுத மாட்டேன். கடை போட்ட புதிதில், செத்த மீனைச் சொல்லி வருத்தப்பட்டு வந்தவர்களிடம் நானும், "உங்களுக்கு வந்ததை அது வாங்கிக்கிச்சுன்னு நெனச்சுக்கங்க" என்று ஆறுதல் சொல்லி அடுத்த மீனைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இதைவிடச் சௌகரியமான பொய் கிடையாது. ஏன் செத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

3. மஞ்சளும் பச்சையும்

மறுநாள் காலை டெஸ்ட் கிட்டையும், கடையில் கலக்கிய உப்புத் தண்ணீர் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். கூடத்தில் தங்கராசு கட்டுப் போட்ட கையோடு சோபாவில் இருந்தார். செல்லம்மாள், மகனும் பவித்ராவின் கணவனுமான கார்த்தி, கை முறிந்ததை விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். பழியை நாலு பேர் நடுவில்தானே போட்டார்கள், அங்கேயே எடுக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டு கண்ணாடிக் குழாயில், ஒன்றில் என் பாட்டில் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டிலும் சொட்டு மருந்து விட்டு ஐந்து நிமிஷம் வைத்தேன். ஒன்று மஞ்சளாகவே நின்றது. தொட்டித் தண்ணீர் கரும்பச்சை ஆனது.

"இந்தப் பச்சை அம்மோனியாம்மா. ஒம்போது மீனோட கழிவு. அதைத் திங்கிற பாக்டீரியா இந்தத் தொட்டியில இன்னும் வளரவே இல்ல. எட்டு மீனும் மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"அப்ப அந்தக் கருப்பு மட்டும் ஏன் சாகல?" என்று செல்லம்மாள் விடவில்லை.

"அது எதையும் தாங்குற முரட்டு மீன். மூச்சு முட்டிக் கெடந்ததையும் கொத்தி மூலைக்கு விரட்டியிருக்கும். அதை வாங்கிட்டு வந்தது நான். உங்க மருமக கையில கொடுத்தது நான். இப்படியே ஊத்தலாமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, ஊத்துன்னு தலையாட்டுனதும் நான். தப்பு பூரா என்னோடது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

தங்கராசு, "அப்ப என் கை?" என்றார்.

"சார், மாப்புப் போட்ட ஈரப் படியில எறங்குனதா இப்ப இவங்ககிட்ட நீங்கதான் சொன்னீங்க."

கார்த்தி எழுந்து, வேப்பந்தட்டைக்குக் கிளம்பப் பைக் சாவியை எடுத்தான். செல்லம்மாள் என்னைத்தான் முறைத்தார். "இத்தனை தெரிஞ்சவ, அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அம்மா கடைசிவரை மருமகளைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டொமினோவைப் பிடித்து வந்து கடையில் தனித் தொட்டியில் விட்டேன். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது அதன் குணத்தில் இருந்தது.

4. இரண்டு மீன்

பவித்ரா திரும்பி வந்தாள். தொட்டியைத் தூக்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னதற்கு, "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாளாம். பாதித் தண்ணீரை மாற்றி, மீனே இல்லாமல், பாக்டீரியா வளரக் கொஞ்சம் தீனி மட்டும் போட்டு ஆறு வாரம் ஓட விட்டோம். டெஸ்ட் செய்யக் கற்றுக்கொடுத்தேன். வாரம் இரண்டு முறை அவளே செய்து போட்டோ அனுப்பினாள். அம்மோனியா ஏறி இறங்கியது, பின்னால் அம்மோனியா சிதைந்து வரும் இன்னொரு விஷமான நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு ஒரே ஒரு ஜோடி க்ளவுன் கொண்டுபோனேன். இரண்டும் ஒரே பண்ணைத் தொட்டியில் வளர்ந்தவை, என் கடையில் மூன்று வாரம் நோய் இல்லையென்று பார்த்து வைத்திருந்தவை. இரண்டு வாரம் கழித்து ஒரு கோபி, அதற்கடுத்து ஒரு ஃபயர்பிஷ், இரண்டும் சாதுவான சின்ன மீன், என்று திட்டம். சாதுவெல்லாம் முதலில், சண்டைக்காரர் கடைசியில். நாலடிக்கு நாலைந்து மீன் தாராளம்.

விளக்கை அணைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டிய வேலை. பாதியில் அவள் கேட்டாள்.

"அக்கா, எனக்காக வந்து பேசுனீங்களாம், அவர் சொன்னாரு. ஆனா அன்னிக்கு எட்டுப் பேரு ஊத்துறப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. ஏன் வேணாம்னு சொல்லல?"

"சொன்னா இந்த வேலை போயிடும்னு பயந்தேன்மா."

அவள் டியூபின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எனக்கு வூடே போச்சேக்கா."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்ற பட்டியல் போனிலேயே கிடைக்கும். நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டால், அதற்கான தண்டனை தெரியாதவர் தலையில்தான் விழும். இப்போது முகூர்த்தத் தேதியோடு யார் வந்தாலும், "அன்னிக்குத் தண்ணியும் பாறையும்தான் இருக்கும், மீன் தண்ணி தயாரானப்புறம்தான்" என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திருச்சிக்குப் போகிறார்கள். போகட்டும்.